பிரம்பு இல்லாமல் வகுப்பை நடத்துவது எப்படி: புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு

இலங்கையில் தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் பத்தொன்பது வருடங்களாக ஆரம்பப் பிரிவுக்குக் கற்பிக்கிறேன். புதிய நியமனத்தில் வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "பிரம்பைத் தொடாமல் இவர்களை எப்படி டீச்சர் அடக்குவது?" அடக்க வேண்டாம், பழக்குங்கள் என்பேன். அதை எப்படிச் செய்கிறேன் என்று இங்கே எழுதுகிறேன்.

முதல் நாளே விதிகளை வையுங்கள், ஆனால் நான்குக்கு மேல் வேண்டாம். தரம் 2 பிள்ளைக்குப் பன்னிரண்டு விதிகள் நினைவில் நிற்காது, உங்களுக்கே நிற்காது. என் வகுப்பின் பிரிஸ்டல் போர்ட்டில் இருப்பவை: மணி அடித்தால் அப்படியே நிற்போம். ஒருவர் பேசினால் மற்றவர்கள் கேட்போம். பிறர் பொருளைக் கேட்டுத்தான் எடுப்போம். கோபம் வந்தால் கையால் அல்ல, வாயால் சொல்வோம். 'ஓடாதே', 'கத்தாதே' என்று எழுதினால் என்ன செய்யக்கூடாது என்பது மட்டுமே தெரியும். என்ன செய்ய வேண்டும் என்பது தெரியாது. ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் பிள்ளைகளே படம் வரையட்டும்.

எழுதி ஒட்டியதோடு வேலை முடியாது. முதல் இரண்டு வாரம் அதை விளையாட்டாகப் பழக்க வேண்டும். மணியை அடிப்பேன், எல்லோரும் சிலையாவார்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை. இந்தச் சிலை விளையாட்டின் அருமை தென்மேற்குப் பருவ மழையில்தான் தெரியும். தகரக் கூரையில் மழை கொட்டும்போது தொண்டை கிழியக் கத்தினாலும் மூன்றாவது வரிசைக்குக் கேட்காது. அப்போது கையை உயர்த்துவேன்; பார்த்தவர்கள் தாமும் உயர்த்துவார்கள்; அரை நிமிடத்தில் வகுப்பு அமைதியாகும். பிறகு கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்தலாம். மழையோடு போட்டி போட்டுக் கத்திய முதல் வருடம் எனக்குக் குரலே போய்விட்டது.

தாமதமாக வருவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் அதிகம் தவறு செய்தது அதில்தான். பாடசாலை ஏழரைக்குத் தொடங்கும். ஒரு பையன் வாரத்தில் மூன்று நாள் எட்டு மணிக்குத்தான் வருவான். ஒரு நாள் பனிமூட்டத்தில், சப்பாத்தெல்லாம் நனைந்திருக்க, அவனை விறாந்தையில் நிற்க வைத்தேன். காலில் அட்டை கடித்து இரத்தம் வழிந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. பக்கத்து வகுப்பு டீச்சர்தான் சொன்னார். அம்மா பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கும் இடத்துக்கு, போக வேண்டியிருந்ததால், தங்கையைத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலையேறி வருவது அவன் பொறுப்பாம். அன்றிலிருந்து தாமதமாக வரும் பிள்ளையிடம் 'ஏன் பிந்தினாய்?' என்று வாசலில் வைத்துக் கேட்பதில்லை. உள்ளே வரவைத்து, முகம் துடைக்கச் சொல்லி, வேலையைக் கொடுத்துவிட்டு, இடைவேளையில் தனியாகக் கேட்பேன். விளையாடிக்கொண்டு பிந்துகிறவனும் உண்டு. அவன் இடைவேளையில் பத்து நிமிடம் என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தவறவிட்டதை எழுதுவான். மாதம் நான்கு தடவைக்கு மேல் பிந்தினால் வீட்டுக்குப் போய்ப் பேசுவேன்.

காணாமல் போகும் பென்சில், கட்டர், அழிரப்பர் ஆகியவற்றுக்கு ஒரு பொதுப் பெட்டி வையுங்கள். எல்லோர் பைகளையும் மேசையில் கொட்டச் சொல்லித் திருடனைக் கண்டுபிடிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். ஒருமுறை 'கள்ளன்' என்று பெயர் விழுந்தால், அவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்திலும் அதே பெயர்தான். "மேலே பறந்த கட்டர் நாளைக்குள் பெட்டிக்குள் இறங்கட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுவேன். பெரும்பாலும் இறங்கியிருக்கும்.

சண்டையில் முதலில் பிரியுங்கள், பிறகு ஆறட்டும், பிறகு விசாரியுங்கள். இரண்டு பேரையும் ஒன்றாக நிறுத்தி விசாரித்தால் சத்தம் பெரியவன் சொல்வதுதான் எடுபடும். தனித்தனியாகக் கேளுங்கள். கிழிந்த கொப்பியைக் கிழித்தவன் ஒட்டிக் கொடுக்க வேண்டும். மன்னிப்புக் கேட்கச் சொல்லி வற்புறுத்தி வாங்கும் 'சொறி'யில் எனக்கு நம்பிக்கை இல்லை. கெட்ட வார்த்தைக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். நீங்கள் அதிர்ச்சி காட்டினால் மறுநாள் மூன்று பேர் சொல்வார்கள்.

பெற்றோரே அடிக்கச் சொல்வார்கள். "கண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றதை உரித்துவிடுங்கள் டீச்சர்" என்று சிரித்துக்கொண்டே சொன்ன அம்மாக்கள் எத்தனையோ. அது உங்களுக்குக் கிடைத்த அனுமதி அல்ல. கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை உடல் ரீதியான தண்டனையைத் தடை செய்கிறது. சிறுவருக்குக் கொடுமை இழைப்பதைக் குற்றமாக்கும் 308ஏ பிரிவு 1995இல் தண்டனைச் சட்டக் கோவையில் சேர்க்கப்பட்டது. சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு யாரும் அழைக்கலாம். முழங்காலில் நிறுத்துவது, சாப்பாட்டு நேரத்தைப் பறிப்பது, எல்லோர் முன்னும் ஊர்ப்பேர் சொல்லி இழிப்பது ஆகியவற்றையும் 'அடி இல்லையே' என்று செய்யாதீர்கள்.

அடங்காத விடயம் என்றால் அதிபரிடம் போகும் முன் ஒரு கொப்பியில் எழுதுங்கள்: திகதி, நேரம், நடந்தது, நீங்கள் செய்தது. 'குழப்படிக்காரன்' என்று எழுதாதீர்கள். 'கணித வேளையில் மூன்று தடவை எழுந்து ஓடினான்' என்று எழுதுங்கள். இரண்டு மாதம் எழுதிய பிறகு திருப்பிப் பார்த்தபோது, ஒரு பிள்ளையின் எல்லாச் சண்டையும் காலை பத்து மணிக்கு முன்புதான் நடந்திருந்தது. அவள் வெறும் வயிற்றோடு வந்துகொண்டிருந்தாள்.

பெற்றோரை வேலை நாளில் கடிதம் போட்டு வரவழைத்தால் அவர்களுக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், போய்விடும். அந்தக் கோபமும் பிள்ளையின் முதுகில்தான் இறங்கும். மாலையில் பறித்த கொழுந்தை எடை போட்டு முடிந்த பிறகு, அல்லது ஞாயிறு காலையில், லயத்துக்கு நீங்களே போங்கள். முதலில் பிள்ளையின் நல்லது ஒன்றைச் சொல்லுங்கள்; ஏழாம் வாய்பாடு பிழையில்லாமல் சொல்கிறான் என்று. பிளேன்டீ தருவார்கள், உட்கார்ந்து குடியுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.