காற்றுப் படகில் தூண்டில் போடுகிறீர்களா?

காற்றடித்து மிதக்கவிடும் மலிவான ரப்பர் அல்லது பிளாஸ்டிக் படகைக் கண்மாயில் இறக்கும்முன் கரையைப் பாருங்கள். சீமைக்கருவேல முள் ஒன்று குத்தினால் போதும், கதை முடிந்தது. தரையில் இழுக்காமல் தூக்கிக்கொண்டு போங்கள். உள்ளே பழைய சாக்கு விரிப்பது நல்லது. கெளுத்தி மாட்டினால் துள்ளவிடாமல் நேராக மூடி போட்ட வாளிக்குள் விடுங்கள். அதன் முள்ளும் படகின் காற்று டியூபைக் குத்தும்.

வெயிலில் காற்று விரியும், ஒட்டு விட்டுவிடும். அதனால் கரையில் கொஞ்சம் குறைவாக அடித்து, தண்ணீரில் இறங்கித் தளர்ந்ததும் மறுபடி நிரப்புங்கள்.

லேசான படகு, சின்னக் காற்றுக்கே சுற்றும். மணல் நிரப்பிய இரண்டு லிட்டர் பாட்டில்களை முன்னும் பின்னும் கயிற்றில் கட்டி இறக்கினால் அசையாது. நீச்சல் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். அப்புறம், மீன்பாசி ஏலம், அதாவது கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் எடுத்தவரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.