உய்குர் உணவகத்தில் சாப்பிடப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உய்குர்கள் சீனாவின் வடமேற்கில் இருக்கும் சின்ஜியாங்கின் முஸ்லிம் மக்கள். அவர்களுடைய சின்ஜியாங் உணவகத்துக்குப் போய்விட்டு, "வயிறு கனத்ததுதான் மிச்சம்" என்று சொல்பவர்களின் பில்லை வாங்கிப் பாருங்கள். ஆளுக்கொரு லக்மான் (கையால் இழுத்த நூடுல்ஸ்), நடுவில் ஒரு பொலோ (கறிச்சோறு), பெரிய தட்டு நிறையத் தாபான்ஜி (கோழியும் உருளைக்கிழங்கும்), கூடவே இரண்டு நான் ரொட்டி இருக்கும். ஒவ்வொன்றும் நல்ல பண்டம்தான். ஆனால் எல்லாமே மாவும் சோறும் உருளைக்கிழங்கும். வழக்கமான சீன உணவகத்தில் வெள்ளைச் சோறு தனியாக வரும், நாலைந்து கறிகாய் வகைகளைப் பொதுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுவோம். அதே பழக்கத்தோடு இங்கே உட்கார்ந்தால் கணக்கு தப்பிவிடும். உய்குர் சமையலில் ஒவ்வொரு தட்டும் பெரும்பாலும் ஒரு முழுச் சாப்பாடு.

நான்கு பேர் போனால் சின்ன அளவுத் தாபான்ஜி ஒன்று, பொலோ ஒரு தட்டு, ஆளுக்கு இரண்டு கவாப் (குச்சியில் கோர்த்துத் தணலில் சுட்ட ஆட்டுக்கறி), ஒரு நான் ரொட்டி, வெங்காயம்-தக்காளி-பச்சை மிளகாய் சாலட் ஒன்று. இது தாராளமாகப் போதும். இருவர் என்றால் லக்மான் ஒன்று, கவாப் நான்கு, அதே சாலட், ஒரு குடுவைத் தேநீர். பசி மிச்சமிருந்தால் அப்புறம் கேட்கலாம், தட்டுகள் வேகமாகவே வரும். அந்தச் சாலட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆட்டுக்கொழுப்பின் கனத்தை வெட்டுவதற்கு மேசையில் வேறு ஆள் கிடையாது. மெனுவில் வெங்காயம் "பியாஸ்" என்றோ "பியாசு" என்றோ இருக்கும்.

கடையைத் தேர்ந்தெடுப்பதிலேயே ஒரு குழப்பம் உண்டு. சீனா முழுக்க மூலைக்கு மூலை "லான்சோ லாமியன்" கடைகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றை நடத்துபவர்கள் சிங்காய் மாகாணத்தின் ஹுவாலோங் பகுதியிலிருந்து வந்தவர்கள். அங்கும் ஹலால், அங்கும் கையால் இழுத்த நூடுல்ஸ். ஆனால் அது மாட்டெலும்புச் சாற்றில் மிதக்கும் சூப் நூடுல்ஸ். லக்மானுக்குச் சாறு கிடையாது. உய்குர் கடை என்றால் பல இடங்களில் பெயர்ப்பலகையில் சீன எழுத்தோடு, அரபு எழுத்தில் எழுதிய உய்குர் மொழியும் இருக்கும். வாசலிலோ உள்ளேயோ தந்தூர் அடுப்பும், கரி அடுப்பின் நீண்ட இரும்புத் தொட்டியும் தெரியும். அந்த இரண்டு அடுப்புகளில் ஒன்றாவது கண்ணில் படாத கடையில் நான் ரொட்டியும் கவாப்பும் கேட்காமல் நூடுல்ஸோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சின்ஜியாங்குக்கே பயணம் போகிறவர்கள் தவறவிடுவது நேரத்தை. சீனா முழுவதற்கும் பெய்ஜிங் நேரம்தான் அதிகாரபூர்வ நேரம். சின்ஜியாங்கின் மேற்குக் கோடியில் உள்ள காஷ்கர் நகரமோ ஏறத்தாழ நம் கோயம்புத்தூருக்கு நேர் வடக்கே இருக்கிறது. கோவையில் பகல் பன்னிரண்டரை மணி என்றால் காஷ்கரின் சுவர்க் கடிகாரம் 3 காட்டும், சூரியன் இருக்கும் இடம் ஒன்றுதான். அதனால் அந்த ஊரில் மதியச் சாப்பாட்டுக் கூட்டம் பெய்ஜிங் நேரம் 2 மணி வாக்கில்தான் வரும், இரவுச் சாப்பாடு 8 மணிக்கு மேல். பதினொன்றரைக்கே போய் நின்றால் அடுப்பு அப்போதுதான் சூடாகிக்கொண்டிருக்கும். உள்ளூர்க்காரர்கள் பலர் இரண்டு மணி நேரம் பின்தங்கிய "சின்ஜியாங் நேரம்" வைத்துப் பேசுவார்கள். யாராவது "12 மணிக்கு வாருங்கள்" என்றால் எந்த நேரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பொலோவுக்கும் இந்த நேரக் கணக்கு முக்கியம். ஆட்டுக்கறித் துண்டுகளை எண்ணெயில் சிவக்க வறுத்து, வெங்காயம், மஞ்சள் கேரட், சிவப்புக் கேரட் எல்லாம் சேர்த்து, மேலே அரிசியைப் பரப்பி மூடிப் புழுங்கவைப்பது பொலோ. சீன மெனுவில் ஜுவாஃபான் என்று இருக்கும். பெரிய இரும்புச் சட்டியில் மதியத்துக்கென்று ஒரே ஈடாக ஏற்றுவார்கள். தீர்ந்தால் தீர்ந்ததுதான். இரவு 9 மணிக்குக் கிடைக்கும் பொலோ பல கடைகளில் மதியத்து மிச்சம்: அரிசி உடைந்திருக்கும், கேரட் குழைந்திருக்கும். ஆகவே பொலோ மதியத்துக்கு, நூடுல்ஸும் கவாப்பும் இரவுக்கு. இன்னொன்று, பிரியாணியை மனதில் வைத்துக்கொண்டு பொலோவைச் சாப்பிடாதீர்கள். இதில் உப்பு, கொஞ்சம் சீரகம், கேரட்டின் இனிப்பு, ஆட்டுக்கொழுப்பின் மணம், இவ்வளவுதான். முதல் வாயிலேயே "மசாலா இல்லை" என்று மிளகாய் எண்ணெயை ஊற்றுபவர்கள் அந்தக் கேரட் இனிப்பைத் தெரிந்துகொள்ளாமலே தட்டை முடித்துவிடுகிறார்கள். காஷ்கர்ப் பக்கம் பொலோவின் மேல் மந்தா என்ற ஆவியில் வெந்த கறிக்கொழுக்கட்டையை வைத்துத் தருவதுண்டு. அதைக் கேட்டால் வேறெதுவும் ஆர்டர் செய்யத் தேவையில்லை.

லக்மானைக் கெடுப்பது எப்படி

சமையற்காரர் நன்றாகச் செய்து, மேசையில் வைத்துக் கெட்டுப்போகும் பண்டம் லக்மான்தான். கோதுமை மாவை உப்புத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, ஊறவிட்டு, விரல் கனத்துக்குக் கயிறாகத் திரிக்கிறார்கள். எண்ணெய் தடவித் தட்டில் வட்டமாகச் சுற்றி மறுபடி ஊறவைக்கிறார்கள். ஆர்டர் வந்த பிறகுதான் அந்தக் கயிற்றை எடுத்து இழுத்து, இரண்டு கையிலும் சுற்றி, மேசைமேல் அடித்து நீட்டிக் கொதிநீரில் போடுவார்கள். வெந்ததும் குளிர்ந்த தண்ணீரில் ஓர் அலசு. மேல் மாவு கழுவிப் போய், இழை வழுவழுப்பாகவும் பல்லுக்குத் திடமாகவும் இருப்பது இதனால்தான். கறி, குடைமிளகாய், தக்காளி, பூண்டு எல்லாம் கடும் தீயில் வதக்கிய கூட்டு தனிக் கிண்ணத்தில் வரும்.

இங்கே பலர் நூடுல்ஸைச் சப்பாத்தி போலவும் கூட்டைக் குருமா போலவும் நினைத்துக்கொண்டு, வாய்க்கு வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். ஐந்து நிமிடத்தில் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், அப்புறம் எந்தச் சாறும் உள்ளே இறங்காது. தட்டு வந்த கையோடு கூட்டில் மூன்றில் இரண்டு பங்கை ஊற்றி, குச்சியால் அடியிலிருந்து தூக்கித் தூக்கிப் பத்துப் பன்னிரண்டு முறை கலந்துவிடுங்கள். மீதிப் பங்கு எதற்கு? கூடுதல் நூடுல்ஸுக்கு. சின்ஜியாங்கில் பல கடைகளில் "ஜியா மியன்" என்று கேட்டால் இன்னொரு கை நூடுல்ஸ் காசில்லாமல் போடுவார்கள். வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் காசு உண்டு, முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டை முழுவதும் தீர்த்துவிட்டு நூடுல்ஸ் வாங்கினால் வெறும் மாவைத்தான் மெல்ல வேண்டும்.

"ஆறிப்போய் வந்திருக்கிறது" என்று திருப்பி அனுப்புவதும் நடக்கிறது. குளிர்ந்த நீரில் அலசியதால் நூடுல்ஸ் வெதுவெதுப்பாக இருப்பது குறையல்ல. சூடாகத்தான் வேண்டும் என்றால் "ரான் வோஸ்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள், அலசாமல் தருவார்கள். கொஞ்சம் பிசுபிசுப்பு இருக்கும், ஆனால் கூட்டு நன்றாகப் பிடிக்கும். குளிர்காலத்தில் இதுவே மேல். மேசையில் இருக்கும் கறுப்பு வினிகரை ஒரு கரண்டி விடுவதில் தயங்க வேண்டாம். நீள இழைகளோடு மல்லுக்கட்ட முடியாத குழந்தைகளுக்கு "திங்திங் சாவ்மியன்" வாங்கலாம். அதே நூடுல்ஸைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி வதக்கியது, கரண்டியால் அள்ளிச் சாப்பிடலாம்.

தாபான்ஜி

எலும்போடு வெட்டிய கோழி, உருளைக்கிழங்கு, மிளகாய், காய்ந்த மிளகாய், சிச்சுவான் மிளகு, அன்னாசிப்பூ. இதைத் தொன்மையான உய்குர் உணவு என்று நம்பி வருபவர்கள் உண்டு. இது வடக்கு சின்ஜியாங்கின் ஷாவான் பக்கம் சில பத்தாண்டுகளுக்கு முன்தான் பேர் எடுத்தது. நெடுஞ்சாலை ஓரக் கடைகளில் உள்நாட்டுச் சீனச் சுவையும் இந்த மண்ணின் மாவும் கலந்து பிறந்த தட்டு. அதனால் அதன் மதிப்பு ஒன்றும் குறையவில்லை, நன்றாகச் செய்தால் அபாரமாக இருக்கும்.

செய்யக்கூடாதது, இதோடு சேர்க்கும் அகலமான பட்டை நூடுல்ஸை முதலிலேயே போடச் சொல்வது. அது சாறு முழுவதையும் உறிஞ்சி ஊதிவிடும், கோழி வறண்டுபோகும். கோழியும் கிழங்கும் பாதி தீர்ந்து, தட்டின் அடியில் சாறு தேங்கி நிற்கும்போது "இப்போது நூடுல்ஸ்" என்று சொல்லுங்கள். வெந்த பட்டைகளை நேரே தட்டில் கொட்டிக் கிளறிவிடுவார்கள். பெரிய அளவு என்றால் பல கடைகளில் முழுக் கோழி, அது ஐந்தாறு பேருக்கானது. எலும்புச் சில்லுகள் இருக்கும், குழந்தைக்குக் கொடுக்கும்போது பார்த்துக் கொடுங்கள். தட்டில் கறுத்து மிதக்கும் காய்ந்த மிளகாயும் சிச்சுவான் மிளகும் மணத்துக்காகப் போட்டவை, ஒதுக்கிவிடலாம்.

கொழுப்பும் சூடும்

தமிழ்நாட்டில் மட்டன் என்று வாங்குவது பெரும்பாலும் வெள்ளாடு. இங்கே செம்மறி, அதுவும் வாலில் கொழுப்புச் சேரும் இனம். கவாப்பில் கறித்துண்டுகளுக்கு நடுவே ஒரு வெள்ளைத் துண்டு கோர்த்திருப்பது மலிவுக்காக அல்ல. தணலில் அது உருகிப் பக்கத்துக் கறியை நனைக்கிறது, கறி காயாமல் இருக்கிறது. கறியையும் கொழுப்பையும் ஒரே வாயில் சாப்பிட வேண்டும். கொழுப்பைப் பிடுங்கிப் போட்டால் மிஞ்சுவது சீரகம் தூவிய காய்ந்த கறி.

செம்மறிக் கொழுப்பு உருக நாற்பது டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், அதாவது நம் உடம்புச் சூட்டைவிட அதிகம். ஆறிய கவாப் வாயில் மெழுகுபோல் ஒட்டுவது இதனால்தான். இருபது குச்சிகளை ஒரே நேரத்தில் வரவழைத்தால் கடைசிப் பத்தும் வீண். இரண்டு சுற்றாகக் கேளுங்கள். ஹோங்லியு என்னும் பாலைப் புதரின் குச்சியில் கோர்த்தவை பெரிய துண்டுகள், ஆளுக்கு இரண்டு போதும். மெல்லிய இரும்புக் கம்பியில் வருபவை சிறியவை, ஆளுக்கு ஐந்தாறு செல்லும். நானைக் கீழே வைத்து அதன்மேல் கவாப்பை அடுக்கச் சொன்னால் வடியும் நெய்யெல்லாம் நானில் இறங்கும். என்னைக் கேட்டால் கவாப்பைவிட அந்த நான்தான் முதலில் தீர வேண்டிய பண்டம்.

இதே காரணத்தால்தான் கறி சாப்பிடும்போது ஐஸ் தண்ணீர் வேண்டாம் என்பது. மேலண்ணத்தில் கொழுப்புப் படிந்துவிடும். சூடான கறுப்புத் தேநீரை எல்லாக் கடையிலும் வைத்திருப்பார்கள். தயிரும் பனிக்கட்டியும் சேர்ந்த தோக் வேண்டுமென்றால் சாப்பாடு முடிந்த பிறகு குடியுங்கள்.

சம்சாவில் ஆபத்து வேறு மாதிரி. தந்தூர்ச் சுவரில் ஒட்டிச் சுட்டது, உள்ளே கறி, வெங்காயம், கொழுப்பு, கொதிக்கும் சாறு. நடுவில் கடித்தால் நாக்கு வெந்துவிடும், சட்டையும் போய்விடும். மூலையில் சின்னதாகக் கடித்து, ஆவி போகவிட்டு, சாற்றை உறிஞ்சிவிட்டு மீதியைச் சாப்பிடுங்கள்.

காரத்தைப் பொறுத்தவரை மேலே சொன்ன எதுவும் தமிழ் நாக்கை மிரட்டாது. ஒரே ஒரு விதிவிலக்கு சின்ஜியாங் வறுத்த அரிசி நூடுல்ஸ். அடர்ந்த மிளகாய் விழுதில் புரட்டியது. "வெய் லா", அதாவது குறைந்த காரம், அதுவே கண்ணில் தண்ணீர் வரவைக்கும். முதல் தடவை அதற்கு மேல் போகாதீர்கள்.

மேசை ஒழுங்கு

இவை ஹலால் கடைகள். பலவற்றில் "சிங்ஜென்", அதாவது சீனத்தில் ஹலால், என்ற பலகை இருக்கும். வெளியிலிருந்து எந்த உணவையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது, மதுவும் அப்படியே. சில கடைகள் பீர் விற்கும், பல விற்காது. மெனுவில் இல்லையென்றால் வற்புறுத்த வேண்டாம். நான் ரொட்டி இவர்களுக்கு மரியாதைக்குரிய பண்டம்: கவிழ்த்து வைக்காதீர்கள், கையால் பிட்டுப் பகிருங்கள், மிச்சத்தை எலும்போடு குப்பையாகக் குவிக்காதீர்கள். வீட்டு விருந்தில் கையில் தண்ணீர் ஊற்றினால் உதறாமல் துணியில் துடைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டு முடித்துப் பெரியவர்கள் கையேந்தி துவா செய்யும்வரை எழுந்திருக்க வேண்டாம்.

மாட்டுக்கறி வேண்டாதவர்கள் லக்மான் கூட்டில் என்ன கறி என்று கேட்டே ஆக வேண்டும். ஆட்டுக்கறி, மாட்டுக்கறி இரண்டும் புழக்கத்தில் உண்டு. சைவர்களுக்குத் தக்காளி-முட்டை லக்மான் சில கடைகளில் கிடைக்கும், முட்டையும் ஆகாதென்றால் காய்க்கூட்டு மட்டும் கேட்கலாம். ஆனால் கறி வதக்கிய அதே வாணலி, சில இடங்களில் ஆட்டுக்கொழுப்பு. பூசணி மந்தா என்று பெயர் இருந்தாலும் உள்ளே கொழுப்புத் துண்டு இருக்கலாம். கண்டிப்பான சைவர்கள் நான், சாலட், தேநீர் என்று நிறுத்திக்கொள்வதே பத்திரம்.

மிச்சத்தைப் பொட்டலம் கட்டும்போது நூடுல்ஸை விட்டுவிடுங்கள், அது தேறாது. தாபான்ஜியின் கோழியும் கிழங்கும் மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். சம்சாவை மைக்ரோவேவில் வைத்தால் தோல் ரப்பராகும், மூடிபோட்ட தோசைக்கல்லில் மெல்லிய தீயில் இருபுறமும் சூடுகாட்டுங்கள். நான் ரொட்டி காய்ந்துபோனாலும் சில நாள் தாங்கும். தேநீரில் தோய்த்துச் சாப்பிடுவது அந்த ஊர் வழக்கம்தான்.