வீட்டோரத்து மரத்தைக் கயிறு கட்டித் துண்டு துண்டாக இறக்குவது எப்படி? புதிதாகக் கற்பவர்களுக்கான செய்முறை

கடலூரில் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் பக்கம் போனால், மதிற்சுவருக்கும் வீட்டுக்கும் நடுவே கிடைத்த ஆறேழு அடி இடத்தில் வேம்போ மாமரமோ வளர்ந்து, மாடிக்கு மேலே கிளை பரப்பி நிற்பதைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். இப்படிப்பட்ட மரத்தை அடியோடு வெட்டிச் சாய்க்க வழியே கிடையாது. எந்தப் பக்கம் விழுந்தாலும் ஓடு, மின்கம்பி, பக்கத்து வீட்டுக் குளியலறை என்று ஏதோ ஒன்று உடையும். ஆகவே ஒருவர் ஏறி, கிளைகளைக் கயிற்றில் கட்டி, ஒவ்வொன்றாக இறக்க வேண்டும்.

நம் ஊரில் இது புதிய வேலை அன்று. ஆனால் பெரும்பாலும் நடப்பது என்ன? கவட்டையில் கயிற்றைப் போட்டு, கீழே நான்கு பேர் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்கள். கிளை அறுந்ததும் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைச் சட்டென்று நிறுத்தப் பார்க்கிறார்கள். உயிர் போவதற்கு அந்த ஒரு நொடி போதும். எங்கே எவ்வளவு பாரம் விழுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் இந்த வேலையின் பாதி ஆபத்து குறைந்துவிடும். அதனால்தான் முடிச்சுகளைவிட அந்தக் கணக்குக்கு இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

படிக்கத் தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். இதைப் படித்துவிட்டு மறுநாளே தனியாக மரத்தில் ஏறாதீர்கள். முதலில் கயிறு வேலை முழுவதையும் தரையில் பழகுங்கள், பிறகு தேர்ந்த ஒருவருடன் ஏறுங்கள்.

1. ஏறலாமா என்று மரத்தைக் கேளுங்கள்

கடற்கரையை ஒட்டிய நம் பகுதி மரங்கள் புயலைத் தாங்கியவை. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ‘ஃபெஞ்சல்’ புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. அந்தக் காற்றில் விழாமல் தப்பிய மரம் பலமான மரம் என்று நம்பிவிடாதீர்கள். உள்ளே விரிசல் கண்டு, வெளியே பச்சையாக நிற்கும் மரங்கள் உண்டு.

முதலில் தூரைச் சுற்றி நடந்து பாருங்கள். ஒரு பக்கம் மண் மேடிட்டு, எதிர்ப்பக்கம் வெடித்திருந்தால் வேர் அசைந்திருக்கிறது. தேவனாம்பட்டினம் போன்ற மணற்பாங்கான இடங்களில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அடிமரத்தில் காளான் முளைத்திருந்தாலும், சுத்தியலால் தட்டும்போது ஓரிடத்தில் மட்டும் பொத்தென்று ஒலித்தாலும், உள்ளே உளுத்திருக்கக்கூடும். பட்டுப்போன மரம், பொந்து விழுந்த மரம், வேர் அசைந்த மரம் ஆகிய மூன்றிலும் ஏறக் கூடாது. அவற்றுக்குக் கிரேன் வரவழையுங்கள்; செலவாகத்தான் செய்யும், வேறு வழியில்லை. முருங்கையும் குல்மோகரும் பச்சையாக இருக்கும்போதே முறியக்கூடியவை. புதிதாகப் பழகுபவருக்கு அவை ஏற்றவையல்ல.

மின்கம்பி பக்கத்தில் இருந்தால் மின்வாரியத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான் வேலை. நீங்களோ கயிறோ கிளை நுனியோ கம்பியிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும். ஈரமான கயிற்றிலும் பச்சைக் கிளையிலும் மின்சாரம் பாயும். பொது இடத்து மரம் என்றால் அனுமதி வாங்காமல் தொடவே கூடாது.

காலையிலேயே தொடங்குங்கள். நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று வலுக்கும்போது, கயிற்றில் தொங்கும் கிளை நீங்கள் நினைத்த பக்கம் போகாது.

2. இரண்டு கயிறுகள், இரண்டு வேலைகள்

ஆளைத் தாங்கும் கயிறு வேறு, மரத்துண்டைத் தாங்கும் கயிறு வேறு. ஒன்றை இன்னொன்றின் வேலைக்கு ஒருபோதும் எடுக்காதீர்கள். இரண்டையும் வெவ்வேறு நிறத்தில் வாங்கினால் அவசரத்தில் குழப்பம் வராது.

முதுநகர் கடைகளில் மீன்பிடிப் படகுகளுக்கு விற்கும் பச்சை, நீலப் பிளாஸ்டிக் கயிறு மலிவு. ஆனால் அது பாலிபுரொப்பிலீன்; 160, 170 டிகிரியிலேயே உருகும். பாரத்தோடு மரப்பட்டையில் உரசி ஓடும்போது எழும் சூடு அதற்கு ஆகாது. வெயிலில் கிடந்தால் வெளுத்து நொறுங்கவும் செய்யும். பாலியஸ்டர் நூலில் உள்ளும் புறமும் இரட்டையாகப் பின்னிய 12 மி.மீ. அல்லது அதைவிடத் தடித்த கயிறுதான் துண்டு இறக்குவதற்குச் சரியானது. தேங்காய் நார்க் கயிற்றின் பலம் ஓரிடத்தில் இருப்பதுபோல் இன்னோரிடத்தில் இருக்காது, அதுவும் வேண்டாம்.

கயிற்றோடு வரும் அட்டையில் அறுபடும் எடை அச்சிட்டிருக்கும். அதில் பத்தில் ஒரு பங்கை மட்டுமே நம்புங்கள். 3,000 கிலோ என்று போட்டிருந்தால் உங்களுக்கு அது 300 கிலோ கயிறு. ஒரு முடிச்சு போட்டாலே பலத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை போய்விடும். சட்டென்று விழும் இழுப்பு மீதியையும் தின்றுவிடும்.

ஏறுபவருக்கு, இடுப்பையும் தொடைகளையும் சேர்த்துப் பிடிக்கும் ஹார்னஸ், நாடி வாருள்ள ஹெல்மெட், கண்ணாடி, மூடிய காலணி வேண்டும். பனையேறிகள் காலில் மாட்டும் தளைநாரை மட்டும் வைத்துக்கொண்டு ஏறும் லாகவம் வியக்கத்தக்கது. ஆனால் கையில் வாளோடு (ரம்பத்தோடு) ஒரு கிளையை அறுக்கும் வேலைக்கு அது போதாது. கீழே நிற்பவர்களும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு வரக் கூடாது. ஓடும் கயிறு துணியைச் சுற்றிக்கொண்டால் ஆளையும் இழுத்துச் செல்லும்.

3. எடையைக் கணக்கிடுங்கள்

பச்சை மரம் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல மரங்கள் இதைவிடக் குறைவாக இருக்கும். ஆனால் கூடுதலாக எண்ணிக்கொள்வதே நல்லது. ஓரடி விட்டமும் மூன்றடி நீளமும் உள்ள துண்டு 65 கிலோவைத் தாண்டும். விட்டம் இரண்டடியானால் அதே மூன்றடித் துண்டு 260 கிலோவுக்கு மேல். விட்டம் இருமடங்கானால் எடை நான்கு மடங்கு. கண் இதை எப்போதும் குறைத்தே மதிப்பிடும். நாடாவால் அளந்து பாருங்கள்.

இனி முக்கியமான கணக்கு. மேலே கப்பி வழியாகக் கயிறு போகிறது. ஒரு முனையில் 65 கிலோத் துண்டு தொங்குகிறது, மறுமுனையைக் கீழே பிடித்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் 65 கிலோ இழுப்பதால், கப்பி கட்டிய கிளையின் மேல் விழும் பாரம் 130 கிலோ. துண்டு அசையாமல் தொங்கும்போதே இந்த நிலை.

அதே துண்டு மூன்றடி விழுந்த பிறகு கயிறு அதைப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கீழே இருப்பவர்கள் இறுக்கிப் பிடித்து அரையடிக்குள் நிறுத்திவிட்டால், கயிற்றில் விழும் சராசரி இழுப்பு எடையைப்போல் ஏழு மடங்கு, அதாவது சுமார் 455 கிலோ. கப்பியில் 900 கிலோவுக்கு மேல். மாறாக, கயிற்றை மெல்ல ஓடவிட்டு ஆறடி தூரத்தில் நிறுத்தினால், இழுப்பு ஒன்றரை மடங்குதான்: கயிற்றில் சுமார் 98 கிலோ, கப்பியில் 200 கிலோவுக்குள். மரம் அதே, கயிறு அதே, விழுந்த தூரமும் அதே. கீழே நின்றவரின் கை செய்த வேறுபாடு இது. ஏறியிருப்பவரும் அதே மரத்தில்தான் கட்டுண்டிருக்கிறார் என்பதை நினைத்துப் பாருங்கள். கயிறு பிடிக்க யாராவது ஒரு பையனைக் கூப்பிட்டு நிறுத்துவது எவ்வளவு பெரிய தவறு என்பது புரியும். குழுவிலேயே நிதானமானவர் அங்கே நிற்க வேண்டும்.

4. அடிமரத்தில் சுற்றுங்கள்

அந்த நிதானமானவருக்கும் வெறுங்கையால் 65 கிலோவைப் பிடிக்க முடியாது, முயலவும் வேண்டாம். கப்பியிலிருந்து இறங்கும் கயிற்றை அடிமரத்தைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். துறைமுகத்தில் ஒற்றை ஆள் முளையில் வடத்தைச் சுற்றிப் படகையே நிறுத்துவதுபோல, உராய்வு பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். வழவழப்பான பரப்பில்கூட ஒரு முழுச்சுற்று பாரத்தை ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகவும், இரண்டு சுற்று நாற்பதில் ஒரு பங்காகவும் குறைக்கும். சொரசொரப்பான வேம்புப் பட்டையில் இன்னும் கூடுதல்.

சுற்று கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் தேவைக்கு மேல் சுற்றினால் கயிறு ஓடாது. துண்டு வெடுக்கென்று நின்றுவிடும். மேலே சொன்ன ஏழு மடங்கு அங்கேதான் வருகிறது. முதலில் சிறிய கொப்புகளை இறக்கிப் பார்த்து, அரைச்சுற்றாகக் கூட்டியும் குறைத்தும் கைக்குப் பழக்குங்கள்.

கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ ஒருபோதும் சுற்றிக்கொள்ளாதீர்கள். தரையில் கிடக்கும் கயிற்று வளையத்துக்குள் கால் வைக்காதீர்கள். தோல் கையுறை போட்டுக்கொண்டு, துண்டு ஊசலாடி வரும் பாதைக்கு வெளியே, மேலே நடப்பது தெரியும் இடத்தில் நில்லுங்கள்.

5. ஏறுதலும் கப்பி கட்டுதலும்

சிறு மணல் பை கட்டிய மெல்லிய நூலை ஒரு பெரிய கவட்டைக்கு மேலே எறிந்து, அதைக்கொண்டு ஏறும் கயிற்றை இழுத்துப் போடுங்கள். ஏறும் முன் இரண்டு பேர் அந்தக் கயிற்றில் தொங்கிப் பாருங்கள். மேலே போனதும் நடுமரத்தில் நல்ல பருமனான இடத்தில் உங்கள் கயிற்றை மாற்றிக் கட்டிக்கொள்ளுங்கள். வாளை எடுக்கும்போது உங்களைப் பிடித்திருப்பது இரண்டு கட்டுகளாக இருக்க வேண்டும்: ஏறும் கயிறு ஒன்று, மரத்தைச் சுற்றி இடுப்போடு கட்டிய கயிறு இன்னொன்று. வாள் தவறி ஒன்றை அறுத்தாலும் மற்றொன்று தாங்கும்.

கப்பியைக் கட்டும் இடம், வெட்டப்போகும் கிளைக்கு மேலே இருக்கட்டும். கப்பி மேலே இருந்தால் துண்டு விழும் தூரம் மிகவும் குறையும். கிளைகளையெல்லாம் கழித்த பிறகு, நடுமரத்தின் தலையைத் துண்டு போடும்போது மேலே கட்ட இடம் இருக்காது. கப்பி வெட்டுவாய்க்கு, அதாவது வெட்டும் இடத்துக்கு, கீழே போய்விடும். அப்போது பாரம் மிக அதிகமாகும், ஏறியவரும் அதே நடுமரத்தைப் பிடித்தபடி இருப்பார். கற்றுக்கொள்ளும் நிலையில் அந்த வேலையை முழுவதும் தேர்ந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

உங்களைத் தாங்கும் கவட்டையும் கப்பி கட்டிய கவட்டையும் ஒன்றாக இருக்கவே கூடாது.

6. கட்டு

துண்டைக் கட்டுவதற்கு ஓடும் போலைன் முடிச்சு ஒன்று தெரிந்தால் தொடங்கலாம். கயிற்று நுனியைக் கொப்பைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். நுனிப்பக்கத்தில் ஒரு சிறு வளையம் போடுங்கள். இப்போது நுனி, கப்பிக்குப் போகும் நீண்ட கயிற்றைச் சுற்றி வந்து, அந்தச் சிறு வளையத்துக்குள் கீழிருந்து மேலே ஏறி, வளையத்துக்குப் பின்னால் நிற்கும் கயிற்றைச் சுற்றி, வந்த வழியே திரும்ப வளையத்துக்குள் இறங்க வேண்டும். இறுக்கினால் நீண்ட கயிற்றின் மேல் ஓடும் ஒரு சுருக்கு கிடைக்கும். நுனி ஒரு சாண் அளவாவது மிச்சம் இருக்கட்டும். கண்ணை மூடிக்கொண்டு கட்ட வரும்வரை வீட்டுத் திண்ணைத் தூணில் பழகுங்கள்.

கட்டு வழுக்கிக்கொண்டு வராமல் இருக்க, வெட்டுவாய்க்கும் சுருக்குக்கும் இடையே ஒரு பக்கக் கவையாவது கணுவாவது இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கனமான துண்டானால், கயிறு கப்பிக்குப் போகும் பக்கத்தில் ஓரடி தள்ளி, கொப்பைச் சுற்றி ஓர் அரைச் சுருக்கும் போடுங்கள். பாரம் இரண்டு இடத்தில் பகிர்ந்து விழும். கிளை சுழலாமல் திசை திருப்ப, நுனியில் ஒரு மெல்லிய கயிற்றைக் கட்டிக் கீழே இன்னொருவரிடம் கொடுக்கலாம்.

7. வெட்டு

வெட்டுவாய்ப் பக்கம் கட்டிய கிளையில் முதலில் நுனி சாயும், பிறகு அடி கப்பியை நோக்கி ஊசலாடி வரும். அந்தப் பாதையில் உங்கள் தலையோ காலோ கயிறோ இருக்கக் கூடாது. நடுமரத்தின் மறுபக்கம் போய் நின்றுகொள்ளுங்கள்.

சிறு கிளைக்கு எளிய முறை இது: அடியில் பருமனில் மூன்றில் ஒரு பங்கு அறுங்கள். மேலே, அதிலிருந்து ஓரங்குலம் தள்ளி, இரண்டு வெட்டுகளும் சற்றே ஒன்றையொன்று தாண்டும்வரை அறுங்கள். கிளை இன்னும் நிற்கும். வாளை மாட்டிவைத்துவிட்டு, நகர்ந்து நின்று, கையால் முறித்துவிடலாம். அடிவெட்டு போடாமல் மேலிருந்தே அறுத்தால் கிளை நாராகக் கிழிந்து உங்களை நோக்கி வரும்.

ஒவ்வொரு வெட்டுக்கும் முன்பு பேச்சு இப்படித்தான் நடக்க வேண்டும்:

"அண்ணே, கயிறு இறுகியிருக்கிறதா?"

"இறுகியிருக்கிறது தம்பி. கீழே யாரும் இல்லை. வெட்டு."

பதில் காதில் விழாவிட்டால் வெட்டக் கூடாது. "நிறுத்து" என்று யார் சொன்னாலும், வேடிக்கை பார்க்கும் பாட்டி சொன்னாலும், வேலை நிற்க வேண்டும். தெருவின் இரு முனையிலும் ஆள் நிறுத்துங்கள். பள்ளி விடும் நேரத்தில் வேலை வேண்டாம்.

கீழே இருப்பவர்களில் ஒருவருக்காவது ஏறத் தெரிந்திருக்க வேண்டும். அவருக்கென்று இன்னொரு ஹார்னஸும் கயிறும் அடியிலேயே தயாராக இருக்கட்டும். மயங்கி ஹார்னஸில் தொங்குபவரை உடனே இறக்கியாக வேண்டும். 108 வரும்வரை காத்திருக்க நேரம் இருக்காது.

8. வேலை முடிந்த பிறகு

கயிற்றை முழு நீளத்துக்கும் வெறுங்கையில் உருவிப் பாருங்கள். ஓரிடத்தில் மெழுகு தடவியதுபோல் பளபளத்து விறைத்திருந்தால் அங்கே உருகியிருக்கிறது. ஓரிடம் மட்டும் மெலிந்தோ கொழகொழத்தோ இருந்தால் உள் இழை அறுந்திருக்கிறது. அந்தக் கயிறு இனி மரவேலைக்கு ஆகாது. யாரும் எடுத்துவிடாதபடி நான்கைந்து துண்டாக வெட்டிவிடுங்கள். நல்ல கயிற்றிலிருந்து மரப்பாலையும் மண்ணையும் வெறும் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, பேட்டரியும் பெட்ரோலும் இல்லாத அறையில் தொங்கவிடுங்கள்.