கோரைப்பாய் நெய்யப் பழகுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொள்ளிடக் கரையில் எங்களிடம் நெசவு பழக வந்த இரண்டு பெண்கள், முந்தின நாள் விரித்த கோரையை அள்ளிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தேன். நூல் அறுவதும் கை வலிப்பதும் பழகப் பழகச் சரியாகிவிடும், அதை விடுங்கள்.

காய்ச்சல் போதாத கோரையைக் கட்டுவது

கோரைத் தண்டுக்குள் பஞ்சு மாதிரி வெள்ளைச் சோறு இருக்கிறது. பச்சையாகக் கிழித்து வெயிலில் போட்டால் தோல் சீக்கிரம் மஞ்சளித்து, தொட்டால் சலசலக்கும். அதை நம்பித்தான் ஏமாறுகிறோம். சோறு ஈரத்தை விடாது, அதுவும் தடித்த அடிப்பக்கத்தில்.

ஒரு புரட்டாசியில் கல்யாண வீட்டுக்குப் பன்னிரண்டு பாய் ஒப்புக்கொண்டேன். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் முடிக்கும் அவசரத்தில் இரண்டே நாள் வெயிலோடு கட்டிவிட்டேன். நெய்யும்போது ஒன்றும் தெரியவில்லை. அடைமழையில் சுருட்டிக் கிடந்த பாயைப் பிரித்தால் கரும்புள்ளி, புளித்த வாடை. பன்னிரண்டும் திரும்பி வந்தன. கோரை, நூல், சாயம், இருபது நாள் உழைப்பு, எல்லாம் போயிற்று. துடைத்து வெயிலில் போட்டால் சரியாகும் என்றார்கள். ஆகவில்லை. புள்ளி விழுந்த இடம் மடித்தால் முறிந்தது.

ஈர வைக்கோலைப் போர் போட்டால் அவிந்துபோகும் என்று டெல்டாவில் குழந்தைக்கும் தெரியும். கோரையில் மட்டும் ஏன் மறக்கிறோம்? நாலைந்து நாள் நல்ல வெயில் காட்டுங்கள். பனி இறங்குமுன் உள்ளே எடுத்துவிடுங்கள். அடிப்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. கட்டின் நடுவே கைவிட்டு வெதுவெதுப்பு தெரிந்தால் உடனே பிரித்து விரியுங்கள். அந்தப் பெண்களின் கட்டையும் அப்படித்தான் பிரிக்க வைத்தேன்.

நெய்யும்போது தண்ணீரை ஊற்றுவது

ஊறிய கோரை உப்பியிருக்கும். பாய் காய்ந்ததும் சுருங்கி, வரிசைக்கு வரிசை இடைவெளி விழும். ஈரத்துணியில் சுற்றி வைத்தால் வளைகிற பதம் வந்துவிடும்.

அடி நுனி பார்க்காமல் செருகுவது

மாற்றி மாற்றிச் செருகுங்கள். இல்லையென்றால் பாய் கோணும்.

பாவு நூலில் சிக்கனம்

பாயில் நீளவாக்கில் ஓடுகிற நூல்தான் பாவு. அதில் சிக்கனம் வேண்டவே வேண்டாம்.

பத்தமடை என்று சொல்லி விற்பது

அது தாமிரபரணிக் கரைப் பாய், புவிசார் குறியீடு பெற்றது. அந்த மெல்லிய நெசவு வேறு, நம் பாய் வேறு. கொள்ளிடம் பக்கத்துத் தைக்காலுக்குப் பிரம்போடு பாயிலும் பெயர் உண்டு. நம் ஊர்ப் பெயரைச் சொல்லியே விலை கேளுங்கள்.