லேப்டாப்புக்கு எவ்வளவு ரேம் வேண்டும்? நீங்களே கணக்குப் போடுவது எப்படி?

யாரைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு "பதினாறு ஜிபி எடுத்துடுங்க" என்பார்கள். பல பேருக்கு அது சரிதான். ஆனால் டேலியும் வேர்டும் மட்டுமே திறக்கிறவர் எதற்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டும்? இப்போது வீட்டில் இருக்கும் விண்டோஸ் லேப்டாப்பை வைத்தே உங்கள் அளவைத் தெரிந்துகொள்ளலாம்.

அதற்கு முன் ஒரு விஷயம். பெட்டியில் 16 ஜிபி, 512 ஜிபி என்று இரண்டு எண் போட்டிருந்தால் முதலாவது ரேம், அதாவது திறந்து வைத்திருக்கும் வேலைகளைத் தற்காலிகமாகத் தாங்கும் நினைவகம். இரண்டாவது எஸ்எஸ்டி, அதாவது ஃபைல்களைச் சேமித்து வைக்கும் டிஸ்க். கல்யாண வீடியோ, போட்டோ எல்லாம் போய் உட்காருவது இரண்டாவதில். அதற்கு இடம் பத்தவில்லை என்றால் ரேமைக் கூட்டிப் பிரயோஜனம் இல்லை.

படி 1: வேலை உச்சத்தில் இருக்கும்போது பாருங்கள்

காலையில் ஆன் செய்தவுடன் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நீங்கள் வழக்கமாக ஒரே நேரத்தில் எதையெல்லாம் திறந்து வைப்பீர்களோ, குரோமில் இருபது டேப், எக்ஸெல், வாட்ஸ்அப், ஓரத்தில் ஓடும் இளையராஜா பாட்டு, கூடவே ஒரு ஜூம் கால், எல்லாவற்றையும் திறந்துகொள்ளுங்கள். அப்புறம் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், அதற்குள் மெமரி.

உதாரணத்துக்கு 6.6/7.8 ஜிபி (85%) என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டு வாங்கினோமே, 7.8 ஏன் என்று பதற வேண்டாம், கிராபிக்ஸ் போன்றவற்றுக்காகக் கொஞ்சம் ஒதுக்கப்பட்டிருக்கும். கீழே 'ஹார்ட்வேர் ரிசர்வ்டு' என்ற வரியில் அந்தக் கணக்கு இருக்கும். 'கேஷ்டு' என்று காட்டுவதைப் பார்த்தும் கவலைப்படாதீர்கள், சும்மா கிடக்கும் ரேமை விண்டோஸ் தன் வசதிக்குப் பயன்படுத்துகிறது, கேட்டால் விட்டுக்கொடுத்துவிடும்.

85% என்ற எண் மட்டும் எதையும் சொல்லாது. அந்த நேரத்தில் ஒரு விண்டோவிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது சிக்கிச் சிக்கி வருகிறதா, அதே பெர்ஃபார்மன்ஸில் இருக்கும் டிஸ்க் வரைபடம் உச்சியிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். ரேம் நிரம்பினால் விண்டோஸ் அதில் உள்ளதைக் கொஞ்சம் டிஸ்க்குக்குத் தள்ளும், டிஸ்க் ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது, அதனால்தான் இழுக்கிறது. உங்களுடையது பழைய ஹார்ட் டிஸ்க் லேப்டாப் என்றால் ரேமை விடுங்கள், முதலில் எஸ்எஸ்டி போடுங்கள்.

படி 2: எண்ணை முடிவு செய்யுங்கள்

உச்சத்தில் பயன்பட்ட அளவோடு மூன்றில் ஒரு பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள், நாலைந்து வருஷம் ஓட்ட வேண்டுமே. 6.6 என்றால் ஒன்பதுக்குப் பக்கம் வரும், ஆக 16. ஐந்துக்குள் நின்றால் 8 போதும். விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி என்று மைக்ரோசாஃப்ட் சொல்வது உண்மைதான், ஆனால் அதில் வேலை பார்ப்பது தண்டனை.

கோடிங் படிக்கும் கல்லூரிப் பிள்ளைக்கு 16-க்குக் கீழே இறங்காதீர்கள், ஆண்ட்ராய்டு எமுலேட்டர் (லேப்டாப்புக்குள் ஒரு போலி போன்) ஓட்டினால் எட்டு மூச்சு வாங்கும். 4கே வீடியோ எடிட்டிங், விர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டுவது) என்றால் 32. சென்னை ஓஎம்ஆரில் ஐடி வேலை, கம்பெனியே லேப்டாப் கொடுத்துவிட்டது என்றால் அந்த வேலையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

படி 3: பின்னால் கூட்ட முடியுமா?

என்னைக் கேட்டால் 8-ஆ 16-ஆ என்பதைவிட இதுதான் பெரிய கேள்வி. மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் ரேமை போர்டிலேயே சால்டர் செய்துவிடுகிறார்கள், வாங்கியதோடு சரி. எம்1 முதல் வந்த மேக்புக்குகள் எல்லாமே அப்படித்தான். விண்டோஸில் அதே மெமரி பக்கத்தில் 'ஃபார்ம் ஃபேக்டர்' என்று ஒரு வரி உண்டு. அதில் எஸ்ஓடிஐஎம்எம் என்றிருந்தால் கழற்றி மாட்டும் ரேம், 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் சால்டர் செய்தது. பக்கத்திலேயே 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' 1 ஆஃப் 2 என்று இருந்தால் ஒரு ஸ்லாட் காலி, அதில் இன்னொரு ரேம் மாட்டலாம். கடையில் டெமோ லேப்டாப்பிலேயே இதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம்.

சால்டர் செய்த மாடல் என்றால், சந்தேகம் இருந்தால் ஒரு படி மேலே வாங்கிவிடுங்கள். ஸ்லாட் இருந்தால் சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் இரண்டு விலை கேளுங்கள்: 16 ஜிபி மாடல் எவ்வளவு, 8 ஜிபி மாடலோடு தனியாக ஒரு 8 ஜிபி ரேம் மாட்டினால் எவ்வளவு. 2025 கடைசியில் ரேம் விலை நன்றாக ஏறியது, அதனால் "பின்னால் சல்லிசாகப் போட்டுக்கலாம்" என்ற பழைய கணக்கை நம்பி வாங்காதீர்கள். டிடிஆர்4, டிடிஆர்5 என்பவை ரேமின் வெவ்வேறு தலைமுறைகள், டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 உட்காராது, அதையும் சொல்லியே கேளுங்கள். கடைக்காரர் மூடியைத் திறந்தால் வாரண்டி போகுமா என்பதைப் பில் போடும் முன் கேட்டுவிட்டு, மாட்டிய பிறகு அங்கேயே ஆன் செய்து 16 காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.