பசங்களோட முதல் மாடல் ராக்கெட்: ஒட்டறதுல இருந்து விடறது வரை

கிட் கைக்கு வந்த அன்னைக்கே விட்டுடலாமான்னு பசங்க கேப்பாங்க, அதனால பெட்டியைப் பிரிக்கும்போதே சொல்லி வச்சிடுங்க, இன்னைக்கு ஒட்டறது மட்டும் தான், விடறது நாளைக்கோ நாளன்னைக்கோ. இந்த வேலையில முக்கால்வாசி நேரம் பசை காயறதுக்கே போயிடும். ரெண்டு சாயந்திரமா பிரிச்சுக்கிட்டா அவங்களுக்கும் சலிக்காது, நமக்கும் "குடு நானே ஒட்டறேன்"னு கையில இருந்து பிடுங்கற அவசரம் வராது. அந்தப் பிடுங்கறது மட்டும் வேண்டவே வேண்டாம். ஃபின், அதாவது ராக்கெட் அடியில ஒட்டற இறக்கை, லேசா கோணலா இருந்தா ராக்கெட் கொஞ்சம் சுத்திக்கிட்டே மேல போகும், அவ்ளோதான், அது அவங்க ஒட்டின ஃபினா இருக்கட்டும்.

முதல் கிட்டுக்கு ஒரே மோட்டார் (எரிஞ்சு ராக்கெட்டைத் தள்ற மருந்துக் குழாய்), மூணு இல்லன்னா நாலு ஃபின், ஒரு பாராசூட், இது போதும். ரொம்ப சின்ன குழந்தைன்னா ஃபின் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் துண்டா வர்ற கிட் சரி. கத்திரிக்கோலும் பசையும் ஒழுங்கா பிடிக்கத் தெரிஞ்ச வயசுன்னா பால்சாங்கற லேசான மரக்கட்டை ஃபின் உள்ளதை எடுங்க, ஏன்னா கத்துக்கற விஷயம் எல்லாம் அந்த ஃபின்ல தான் இருக்கு.

பால்சா தகட்டை வெளிச்சத்துல பிடிச்சா மெல்லிசா கோடு கோடா மரத்தோட ரேகை தெரியும், குழந்தையை அதைத் தடவிப் பாக்கச் சொல்லுங்க. ஃபினோட முன் விளிம்புக்கு இணையா அந்த ரேகை ஓடணும், குறுக்க ஓடினா தரையில இறங்கும்போது பொட்டுனு ஒடிஞ்சிடும். நைஸ் உப்புத்தாளால முன் விளிம்பை உருண்டையா தேய்க்கணும், டியூபுல ஒட்டற விளிம்பை மட்டும் உருட்டாம தட்டையாவே விடணும்.

ஃபின் எங்க ஒட்டணும்னு குறிக்க டியூபைச் சுத்தற பேப்பர் பட்டை ஒண்ணு கிட்லயே இருக்கும். அந்தப் புள்ளியில இருந்து நீளமா நேர் கோடு போடறது தான் கஷ்டம், உருண்டையான டியூபுல ஸ்கேல் நிக்காது. டியூபைக் கொண்டு போய் கதவு நிலையோட மூலையில படுக்க வச்சு அந்த விளிம்பு ஓரமா பென்சிலை இழுங்க, கோடு அம்பு மாதிரி விழும்.

ஒட்டறதுக்கு சாதாரண வெள்ளைப் பசை நல்லது, சூப்பர் குளூ பசங்க கையில வேண்டாம். ஃபின் விளிம்புலயும் டியூப் கோட்டுலயும் மெல்லிசா தடவி, ஒரு நிமிஷம் அப்படியே ஆற விட்டு, மறுபடி ஒரு பூச்சு தடவி வச்சா டக்குனு பிடிச்சிக்கும். அப்புறம் குழந்தை ஃபினைப் பிடிச்சுக்கிட்டு அசையாம அறுபது வரை எண்ணணும், நாம பின்னாடி இருந்து ஒரு கண்ணை மூடிக்கிட்டு நேரா இருக்கான்னு பாக்கணும். எல்லா ஃபினும் காஞ்சதும் ஃபினும் டியூபும் சேர்ற இடுக்குல பசை விட்டு சுண்டு விரலால ஒரே இழுப்பா வழிச்சு விடுங்க, பள்ளமா அழகா உக்காரும், பலமே அதுல தான். நிமிர்த்தி வச்சா வழியும், அதனால படுக்க வச்சே காய விடுங்க.

மோட்டார் உக்கார்ற சின்ன டியூபை உள்ள தள்ளி ஒட்டறது மட்டும் பெரியவங்க கூட இருந்து பண்ற வேலை. பசை அங்க சீக்கிரம் பிடிச்சிக்கும், பாதியில நிறுத்தினா பாதியிலயே மாட்டிக்கும், அதனால ஒரே தள்ளு. ராக்கெட்டோட கூம்பு மூக்கான நோஸ் கோனையும் டியூபையும் சேர்க்கற ரப்பர் கயிறு, ராக்கெட்டை நிறுத்தி விடற கம்பியான ராடுல கோத்துக்கற சின்னக் குழாயான லாஞ்ச் லக் ரெண்டும் கிட் பேப்பர்ல காட்டின மாதிரியே ஒட்டிடுங்க. குழந்தை ஆசைப்பட்டு ஃபினைப் பெருசாக்கினா, சிறுசாக்கினா, எதையாவது கூட ஒட்டினா, மோட்டார் போட்டு முழுசா தயாரானதும் எடை சமமா நிக்கற இடத்துல கயிறு கட்டி தலைக்கு மேல சுத்திப் பாருங்க, மூக்கு முன்னாடி பாத்தே போனா ஓகே, தடுமாறினா மூக்குக்குள்ள கொஞ்சம் களிமண் சேர்க்கணும்.

மோட்டார் விஷயத்துல விளையாட்டே கூடாது. ஃபேக்டரியில செஞ்ச மோட்டார் மட்டும் தான், வீட்டுல வெடிமருந்து கலக்கற பேச்சே இருக்கக்கூடாது. 1950கள்ல அமெரிக்காவுல பசங்க தாங்களே மருந்து அடைச்சு ராக்கெட் பண்ணி காயப்பட்டதைப் பத்தி ராக்கெட் துறையில வேலை பாத்த ஹாரி ஸ்டைன் எழுதப் போய், அதைப் படிச்சிட்டு செருப்புக் கடை வச்சிருந்த ஆர்வில் கார்லைல் தான் செஞ்ச மாடலை அவருக்கு அனுப்ப, அதுல இருந்து பிறந்தது தான் இந்த ஹாபி, பாதுகாப்பு தான் இதோட ஆரம்பமே. மோட்டார் மேல ஏ8-3 மாதிரி எழுதியிருக்கும். எழுத்து மொத்த சக்தி, பி-ன்னா ஏ-வை விட ரெண்டு மடங்கு வரை, சி-ன்னா அதுக்கும் ரெண்டு மடங்கு. 8 சராசரி தள்ளு விசை, நியூட்டன்ல. 3-ங்கறது எரிஞ்சு முடிஞ்சப்புறம் எத்தனை செகண்ட் கழிச்சு உள்ள இருக்கற குட்டி வெடி நோஸ் கோனைத் தள்ளி பாராசூட்டை வெளிய விடும்ங்கறது. கிட் சொல்ற மோட்டார்லயே சின்னதை முதல்ல போடுங்க, கண்ணுக்குத் தெரியற உயரத்துல போய் கைக்குத் திரும்பி வந்தா தான் அடுத்தது கேப்பாங்க.

பாராசூட்டை உள்ள வைக்கறதுக்கு முன்னாடி தீப்பிடிக்காத வேடிங் பேப்பரைக் கசக்கி உள்ள போடணும், டியூப் அகலத்தை மாதிரி ரெண்டு மடங்கு ஆழத்துக்கு, இறுக்காம. நான் ஒரு தடவை கொஞ்சமா வச்சுட்டேன், பாராசூட் உருகி ஒரே உருண்டையா ஒட்டிக்கிச்சு, ராக்கெட் நேரா வந்து மண்ணுல குத்தி டியூப் மடிஞ்சு போச்சு, ரெண்டு நாள் உக்காந்து ஒட்டின பிள்ளை அதைக் கையில வச்சுக்கிட்டு பேசவே இல்ல. அதுல இருந்து வேடிங்கை நானே ஒரு தடவை தொட்டுப் பாக்காம விடறதில்ல. பாராசூட்டை விடறதுக்கு சத்த முன்னாடி மடிங்க, கொஞ்சம் டால்கம் பவுடர் தூவினா ஒட்டாம விரியும்.

இடம் நல்லா திறந்த வெளியா இருக்கணும், ஏ மோட்டாருக்கு குறைஞ்சது 30 மீட்டர் அகலம், பி-க்கு 60, சி-க்கு 120. காஞ்ச புல்லு, மரம், கரன்ட் கம்பி, ஏர்போர்ட் பக்கம் கூடாது, அந்த ஊர் ரூல் என்னன்னு கேட்டு, இடத்துக்காரங்க அனுமதியும் வாங்கிக்கங்க. காத்து பலமா அடிச்சா அன்னைக்கு வேண்டாம், ராக்கெட் காத்து வர்ற பக்கமே மூக்கைத் திருப்பிக்கும், பாராசூட் எங்கயோ கொண்டு போயிடும்.

ராடு நுனி குழந்தையோட கண் உயரத்துல இருக்கும், ராக்கெட் மாட்டாத நேரம் நுனியில மூடி போட்டே வைங்க. தள்ளி நின்னு ராக்கெட்டைக் கிளப்பற கன்ட்ரோலரோட சாவி பெரியவங்க பாக்கெட்ல இருக்கட்டும், மோட்டாரைப் பத்த வைக்கற இக்னைட்டர் வயர் மாட்டி எல்லாரும் 5 மீட்டராவது பின்னால போனப்புறம் தான் சாவி போடணும். அஞ்சுல இருந்து சத்தமா கீழ எண்ணி, பட்டனைக் குழந்தை அழுத்தட்டும். புஸ்ஸுனு ஒரு சத்தம், நிமிர்ந்து பாக்கறதுக்குள்ள போயிடும். கிளம்பலன்னா சாவியை எடுத்துட்டு 60 செகண்ட் முழுசா நின்னு அப்புறம் பெரியவங்க மட்டும் பக்கத்துல போகணும், பெரும்பாலும் இக்னைட்டர் நுனி மருந்தைத் தொடாம இருந்திருக்கும். ராக்கெட் கரன்ட் கம்பியில மாட்டிக்கிட்டா அதை மறந்துடுங்க, குச்சி எடுத்துட்டுப் போகாதீங்க.

கொஞ்சம் கணக்குப் பிடிக்கற பிள்ளைன்னா உயரத்தை அளக்க வைங்க. பாகைமானியில நூல் கட்டி ஒரு சின்ன எடை தொங்க விட்டு, லாஞ்ச் பண்ற இடத்துல இருந்து 100 மீட்டர் தள்ளி நின்னு, ராக்கெட் உச்சிக்குப் போற நேரம் பாகைமானி விளிம்பு வழியா குறி பாத்து நூலை அப்படியே விரலால பிடிச்சிக்கணும். அண்ணாந்து பாத்த கோணம் 45 டிகிரின்னா உயரம் 100 மீட்டர், 30-ன்னா சுமார் 58, 60-ன்னா சுமார் 173, அதோட தரையில இருந்து குழந்தையோட கண்ணு வரைக்கும் உள்ள உயரத்தையும் கூட்டிக்கணும்.