அமெரிக்கக் கல்லூரிகளின் கௌரவச் சங்கங்களில் சேருவது எப்படி?

அமெரிக்கக் கல்லூரியில் நன்றாகப் படிக்கும் மாணவருக்கு, பெரும்பாலும் இரண்டாம் ஆண்டு முடிந்த பிறகு, கிரேக்க எழுத்துகளைத் தலைப்பில் தாங்கிய ஒரு மின்னஞ்சல் வந்து சேரும். தாங்கள் எங்கள் சங்கத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள், இன்ன தேதிக்குள் கட்டணத்தைச் செலுத்திச் சேர்ந்துகொள்ளுங்கள் என்பது அதன் சாரம். படித்த மாணவர் பெருமைப்படுவதா, ஏமாற்று வேலை என்று அழித்துவிடுவதா எனத் தடுமாறுவார். ஊரிலிருக்கும் பெற்றோரைக் கேட்டாலும் பயனில்லை. நம் பல்கலைக்கழகங்களில் தங்கப் பதக்கமும் ரேங்க் பட்டியலும் உண்டு, ஹானர் சொசைட்டி எனப்படும் இந்தக் கௌரவச் சங்கங்கள் பெரிதாக வழக்கத்தில் இல்லை.

முதலில் தெளிவாக வேண்டியது, நல்ல கௌரவச் சங்கங்கள் பெரும்பாலானவற்றில் நாமாக விண்ணப்பித்து நுழைய முடியாது என்பதே. சங்கம்தான் மாணவரைத் தேடி அழைக்கும். அப்படியானால் சேருவதற்கு வழிகாட்டி எதற்கு என்று கேட்கலாம். எந்தச் சங்கத்தின் கிளை தம் கல்லூரியில் இருக்கிறது என்று அறிவதும், அது கணக்கில் எடுக்கும் பாடங்களை உரிய காலத்தில் படித்து முடிப்பதும், வந்த அழைப்பு உண்மையானதா என்று பார்த்து நாள் தவறாமல் பதில் அனுப்புவதும் மாணவர் கையில்தான் உள்ளன. இவற்றில் ஒன்றைத் தவறவிட்டதால் தகுதி இருந்தும் வெளியே நின்றுவிடுவோர் உண்டு.

இவற்றில் மூத்தது ஃபை பீட்டா கப்பா. அது வெர்ஜீனியாவின் வில்லியம் அண்டு மேரி கல்லூரியில் 1776 டிசம்பர் 5ஆம் நாள் மாணவர்கள் சிலரால் தொடங்கப்பட்டது. அறிவின் மீதான பற்றே வாழ்வின் வழிகாட்டி என்ற பொருள் தரும் கிரேக்கத் தொடரின் முதலெழுத்துகளே அதன் பெயராயின. தொடக்கத்தில் அது இரகசியச் சங்கமாக இருந்தது. 1831இல்தான் ஹார்வர்டு கிளை அந்த இரகசியத்தைக் கைவிட்டது. கிரேக்க எழுத்துகளைப் பார்த்தவுடன் பலர் இதை விடுதி வாழ்க்கையும் விருந்துகளும் நிறைந்த ஃப்ரெட்டர்னிட்டி, சொரோரிட்டி எனும் ஆண், பெண் மாணவர் அமைப்புகளோடு குழப்பிக்கொள்கிறார்கள். பெயரிடும் முறை மட்டுமே இரண்டுக்கும் பொது. அதேபோல, நல்ல மதிப்பெண் பெற்றோர் பட்டியலாகப் பருவந்தோறும் வெளியாகும் டீன்ஸ் லிஸ்ட் என்பதும், தனிப் பாடத்திட்டம் கொண்ட ஹானர்ஸ் கல்லூரி என்பதும் வேறு. கௌரவச் சங்கம் என்பது ஒருமுறை தேர்வானால் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் உறுப்பினர் நிலை.

தமக்குரிய சங்கம் எது என்பதைப் படிக்கும் துறைதான் முடிவு செய்யும். ஃபை பீட்டா கப்பா கலை, அறிவியல் படிப்புகளுக்கானது. அங்கே பொறியியல் மாணவருக்கு இடமில்லாத குறையைப் போக்கத்தான் 1885இல் பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழகத்தில் டௌ பீட்டா பை பிறந்தது. எல்லாத் துறை மாணவரையும் ஏற்கும் ஃபை கப்பா ஃபை 1897இல் மெய்ன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. வணிக மேலாண்மைக்குப் பீட்டா காமா சிக்மா, மின்னியல் மற்றும் கணினிப் பொறியியலுக்கு எட்டா கப்பா நூ, உளவியலுக்கு சை கை என்று துறைவாரியாகவும் உண்டு. இரண்டாண்டுக் கம்யூனிட்டி கல்லூரி மாணவருக்கு 1918இல் தொடங்கிய ஃபை தீட்டா கப்பா இருக்கிறது. செலவைக் குறைப்பதற்காக முதலில் கம்யூனிட்டி கல்லூரியில் படித்துப் பின்னர் பல்கலைக்கழகத்துக்கு மாறத் திட்டமிடுவோர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அப்படி மாறும் உறுப்பினர்களுக்கென்றே உதவித்தொகை ஒதுக்கும் பல்கலைக்கழகங்கள் பல உள்ளன.

துறைக்குரிய சங்கம் எது என்று தெரிந்தபின், தம் வளாகத்தில் அதற்குக் கிளை உண்டா என்று பார்க்க வேண்டும். ஃபை பீட்டா கப்பாவின் கிளைகள் அமெரிக்காவின் நான்காண்டுக் கல்லூரிகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றில்தான் உள்ளன. கிளை இல்லாத கல்லூரியில் நான்கு ஆண்டும் முழு மதிப்பெண் வாங்கினாலும் அந்தச் சங்கத்தின் அழைப்பு வராது. அதை மாணவரின் குறையாக எண்ணிப் பெற்றோர் வருந்த வேண்டியதில்லை. கல்லூரியின் மாணவர் அமைப்புகள் பட்டியலிலும், அந்தந்தச் சங்கத்தின் தலைமையகம் வெளியிடும் கிளைப் பட்டியலிலும் இதைச் சில நிமிடங்களில் சரிபார்த்துவிடலாம்.

மதிப்பெண் வரம்பைப் பற்றித்தான் தவறான எண்ணம் மிகுதி. ஜி.பி.ஏ. எனப்படும், பொதுவாக 4க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி இவ்வளவு இருந்தால் அழைப்பு உறுதி என்று சீனியர்கள் சொல்வதை அப்படியே நம்பிவிடக் கூடாது. பெரிய சங்கங்கள் பலவும் வகுப்பில் மாணவரின் இடத்தைத்தான் பார்க்கின்றன. டௌ பீட்டா பை மூன்றாம் ஆண்டுப் பொறியியல் மாணவரில் முதல் எட்டில் ஒரு பங்கினரையும், நான்காம் ஆண்டில் முதல் ஐந்தில் ஒரு பங்கினரையும் கருத்தில் கொள்ளும். வகுப்பில் 400 பேர் இருந்தால் மூன்றாம் ஆண்டில் முதல் 50 பேர், நான்காம் ஆண்டில் முதல் 80 பேர் என்று கணக்கு வரும். எனவே மூன்றாம் ஆண்டில் அறுபதாம் இடத்திலிருந்து அழைப்பு வராதவர் சோர்ந்துவிட வேண்டாம். அதே இடத்தைக் காத்துக்கொண்டாலே மறு ஆண்டில் தகுதி வந்துவிடும். ஃபை கப்பா ஃபை மூன்றாம் ஆண்டில் முதல் 7.5 சதவீதத்தினரையும், நான்காம் ஆண்டிலும் முதுநிலையிலும் முதல் 10 சதவீதத்தினரையும் அழைக்கும். ஃபை தீட்டா கப்பாவில் மட்டும் கணக்கு எளிது: 12 கிரெடிட் எனப்படும் பாட அலகுகளை முடித்து, பொதுவாக 3.5 ஜி.பி.ஏ. வைத்திருந்தால் கிளை அழைக்கும், கிளைக்குக் கிளை சிறிய வேறுபாடுகளோடு.

தமிழ்நாட்டிலிருந்து எம்.எஸ். படிக்கப் போகும் பொறியாளர்கள் இவையெல்லாம் இளநிலை மாணவருக்கு மட்டுமே என்று நினைத்து விட்டுவிடுவதுண்டு. அது சரியல்ல. டௌ பீட்டா பை, பட்டத்துக்கான படிப்பில் பாதியை முடித்து முதல் ஐந்தில் ஒரு பங்கில் இருக்கும் முதுநிலைப் பொறியியல் மாணவரையும் ஏற்கிறது. பீட்டா காமா சிக்மா எம்.பி.ஏ. போன்ற முதுநிலை வகுப்புகளில் முதல் 20 சதவீதத்தினரை அழைக்கிறது. ஆனால் சில கிளைகள் முதுநிலை மாணவர் பட்டியலைத் தாமாகத் தேடி எடுப்பதில்லை என்பதால், மூன்றாவது பருவத் தொடக்கத்தில் கிளையின் ஆலோசகராக இருக்கும் பேராசிரியருக்குச் சுருக்கமாக ஒரு கடிதம் எழுதி, முதுநிலை மாணவரை எப்போது தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று கேட்பதில் தவறில்லை. இது சேர்த்துக்கொள்ளுமாறு கெஞ்சுவது ஆகாது.

முன்கூட்டியே திட்டமிட வேண்டிய தேவை ஃபை பீட்டா கப்பாவில்தான் அதிகம். அதன் தேர்வுக் குழுவில் அமரும் பேராசிரியர்கள் மதிப்பெண்ணோடு பாடங்களின் விரிவையும் பார்க்கிறார்கள். தொழில் சார்ந்த பாடங்களை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. கல்லூரி நிலையில் கணிதமோ தர்க்கமோ புள்ளியியலோ ஒரு பாடமாவது படித்திருக்க வேண்டும். தாய்மொழியல்லாத மொழி ஒன்றில் இடைநிலை வரையிலான தேர்ச்சியும் வேண்டும். பலர் இடறுவது இந்த மொழி விதியில்தான். கணினி அறிவியலில் 3.95 வைத்திருப்பவர், நான்காம் ஆண்டு வந்த பிறகு ஸ்பானிஷ் படிக்க இடமில்லாமல் கைவிடுவார். முதலாம் ஆண்டிலேயே தொடங்கினால் இது ஒரு சுமையே அல்ல. அமெரிக்காவில் பிறந்து வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த பிள்ளைகளுக்கு வேறொரு வாய்ப்பும் இருக்கலாம்: பெர்க்லி, சிக்காகோ போன்ற பல்கலைக்கழகங்களில் தமிழ் கற்பிக்கப்படுகிறது, அவ்விரண்டிலும் ஃபை பீட்டா கப்பா கிளையும் உண்டு. மொழித் தேர்வு எழுதி நேராக மேல்வகுப்பில் சேர முடியுமா என்று தமிழ் ஆசிரியரிடம் கேட்டுப் பார்க்கலாம். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு இந்தியாவிலிருந்து வந்த மாணவர், தமக்கு ஆங்கிலமே அந்த இரண்டாம் மொழியாகக் கொள்ளப்படுமா என்பதைத் தம் கிளையிடம் எழுத்து மூலம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தவர்கள், அழைக்கும் கல்லூரியிலேயே குறைந்தது மூன்று முழுப் பருவங்கள் படித்திருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

இனி அழைப்பு வந்ததும் செய்ய வேண்டியவை. பணத்தை எடுப்பதற்கு முன் அனுப்பியவர் யார் என்று பார்க்க வேண்டும். உண்மையான அழைப்பில் தம் கல்லூரியின் கிளைப் பெயரும், பொறுப்பேற்றிருக்கும் பேராசிரியர் அல்லது அலுவலரின் பெயரும் இருக்கும். அவர் வளாகத்தில் அறை எண்ணோடு இருப்பவர், நேரில் போய்ப் பார்க்கக்கூடியவர். அமெரிக்கக் கல்லூரிக் கௌரவச் சங்கங்களின் கூட்டமைப்பு (Association of College Honor Societies) ஒன்று 1925 முதல் இயங்குகிறது. அதன் உறுப்பினர் பட்டியலில் சங்கத்தின் பெயர் இருந்தால் பெரும்பாலான ஐயம் தீர்ந்துவிடும். ஃபை பீட்டா கப்பா அந்தக் கூட்டமைப்பில் இல்லை என்பது ஒரு விலக்கு. அதன் மதிப்புக்கு யாருடைய சான்றும் தேவையில்லை. இதற்கு மாறாக, மதிப்பெண்ணைக் கல்லூரியிடம் சரிபார்க்காமல் மாணவரே நிரப்பச் சொல்வது, வளாகத்தில் கிளையே இல்லாமல் பொதுவான முகவரியிலிருந்து கடிதம் வருவது, பலகையும் மோதிரமும் சட்டமிட்ட சான்றிதழும் வாங்கும்படி மீண்டும் மீண்டும் நினைவூட்டுவது ஆகியவற்றைக் கண்டால் விலகிக்கொள்ளலாம். இவற்றில் பல சட்டப்படி மோசடி ஆகா. வெறும் பெயரை விற்கும் வணிகம், அவ்வளவே. ஒரே வாரத்தில் நான்கு அழைப்புகள் வந்தால் நான்கிலும் சேரத் தேவையில்லை. துறைச் சங்கம் ஒன்று, பொதுச் சங்கம் ஒன்று என இரண்டு போதும் என்பது என் கருத்து; ரெஸ்யூமேயில் ஏழு கிரேக்கப் பெயர்களை அடுக்குபவரைப் பார்த்து நேர்காணல் செய்பவர் வியப்பதில்லை.

அழைப்பு உண்மை என்று தெரிந்தால் கடைசி நாளைக் காலெண்டரில் குறித்துக்கொண்டு அதற்கு முன்பே பதில் அனுப்ப வேண்டும். கல்லூரி மின்னஞ்சலின் ஸ்பேம் பகுதியை மார்ச், அக்டோபர் மாதங்களிலாவது திறந்து பார்ப்பது நல்ல பழக்கம். கிளைகள் பலவும் இலையுதிர் காலத்திலோ வசந்தத்திலோதான் கடிதங்களை அனுப்புகின்றன. கட்டணம் கட்ட முடியாத நிலை இருந்தால் வெட்கப்படாமல் ஆலோசகரிடம் சொல்லலாம், ஏனெனில் அதற்கென நிதி வைத்திருக்கும் கிளைகள் உண்டு. கல்வி விசாவில் இருப்போர் அஞ்ச வேண்டியதில்லை. உறுப்பினராவது வேலை பார்ப்பதாகாது.

பணம் கட்டியதோடு எல்லாச் சங்கத்திலும் வேலை முடிந்துவிடாது. டௌ பீட்டா பையில் மதிப்பெண் என்பது வாசல்வரை கொண்டுவந்து விடும். அதற்குப் பின் நன்னடத்தையைக் கருத்தில் கொண்டு கிளை உறுப்பினர்கள் வாக்களித்தே தேர்ந்தெடுப்பார்கள். பல கிளைகளில் தேர்வானவர்கள் கூட்டங்களுக்கு வர வேண்டும், சமூகப் பணியில் சில மணி நேரம் செலவிட வேண்டும். பாலத் தாங்கியின் வடிவத்தில் அமைந்த சங்கச் சின்னத்தை உலோக வார்ப்பாகக் கொடுத்து, கையால் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொண்டுவரச் சொல்லும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. இடைத்தேர்வு வாரத்தில் இதெல்லாம் எரிச்சலூட்டும் என்பது உண்மை. ஆனாலும் வேறு பொறியியல் பிரிவுகளின் சிறந்த மாணவர்களை நேரில் அறியும் வாய்ப்பு அந்த மணி நேரங்களில்தான் கிடைக்கிறது. ஃபை பீட்டா கப்பாவில் இத்தகைய வேலை பொதுவாக இல்லை. அழைப்பை ஏற்று, சேர்ப்பு விழாவுக்குச் சென்றால் போதும். விழாவுக்குப் பெற்றோரையும் அழைக்கும் கிளைகளே அதிகம்.

சேர்ந்தபின் அதைப் பயன்படுத்தாமல் விடுவோரே மிகுதி. ஃபை கப்பா ஃபை 1932இலிருந்து முதலாம் ஆண்டு முதுநிலைப் படிப்புக்கு உதவித்தொகை வழங்கி வருகிறது. டௌ பீட்டா பையின் உதவித்தொகைத் திட்டம் 1929இல் ஏற்பட்டது. இவற்றுக்கு உறுப்பினர் மட்டுமே விண்ணப்பிக்க முடியும் என்பதால் போட்டியிடுவோர் தொகை இயல்பாகவே குறைவு. அமெரிக்கக் கூட்டரசுப் பணிகளில் இளநிலைப் பட்டம் மட்டுமே உள்ளவர் ஜி.எஸ். எனப்படும் ஊதியத் தர வரிசையில் பொதுவாக ஜி.எஸ். 5 நிலையில் நுழைவார். மேலே சொன்ன கூட்டமைப்பு ஏற்ற தேசியக் கௌரவச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பவர், உயர் கல்விச் சாதனை என்ற விதியின் கீழ் ஜி.எஸ். 7 நிலைக்குத் தகுதி பெறலாம். முதலாம் ஆண்டு மாணவருக்கான சங்கங்கள் இதில் சேரா. அப்பணிகள் பெரும்பாலும் குடியுரிமை உள்ளவருக்கே என்பதால் இது அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குத்தான் உதவும்.

ரெஸ்யூமேயில் சங்கத்தின் பெயரோடு, தேர்வான ஆண்டையும் எந்தப் பங்கினருள் ஒருவராகத் தேர்வானார் என்பதையும் ஒரே வரியில் எழுதுவது நல்லது. டௌ பீட்டா பை, மூன்றாம் ஆண்டுப் பொறியியல் மாணவரில் முதல் எட்டில் ஒரு பங்கு என்று எழுதினால், அந்தப் பெயரைக் கேள்விப்படாத சென்னை நிறுவனத்து அதிகாரிக்கும் அதன் பொருள் விளங்கும்.

எதிர்பார்த்த அழைப்பு வராவிட்டால், கடைசிப் பருவ மதிப்பெண்கள் பதிவேட்டில் ஏறியிருக்கின்றனவா, மாறி வந்த கல்லூரியின் கிரெடிட்டுகள் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்பதைப் பதிவாளர் அலுவலகத்தில் முதலில் பார்க்க வேண்டும். அங்கே பிழை இருந்தால் அதைத் திருத்தியபின், திருத்திய மதிப்பெண் பட்டியலோடு ஆலோசகருக்கு ஒரு முறை எழுதலாம். தகுதி நீடிக்கும்வரை அடுத்த பருவத்தில் மீண்டும் பட்டியல் எடுக்கும் கிளைகள் உண்டு. பிழை எதுவும் இல்லையென்றால் ஃபை பீட்டா கப்பா போன்ற சங்கங்களுக்குப் பரிந்துரைக் கடிதமோ முறையீடோ அனுப்பிப் பயனில்லை. தேர்வுக் குழுவின் முடிவே இறுதியானது.